மப்ளரில் ஓடிய இடப்பிரி

காளியண்ணன் அந்த மப்ளரைக் கையில் வாங்கும்போது சிரித்துக்கொண்டுதான் வாங்கினார்.

மகன் செங்கோட்டையன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போகிற நாள். காலைக் கஞ்சி குடித்து முடித்து வாசல் வேப்பமரத்தடியில் அக்கம்பக்கத்துச் சனம் கூடி நின்றது. மருமகள் உண்ணாமலை தன் கையால் கம்பளி நூலில் பின்னி முடித்ததை எல்லாரும் பார்க்கட்டும் என்று அவர் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். காக்கி நிறம், நாலு முழ நீளம். இரண்டு ஓரத்திலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு கயிறு முறுக்கிக்கொண்டு ஓடியது. நூலே புடைத்துக் கிளம்பி, ஒரு புரி மேல் இன்னொரு புரி ஏறி இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கயிறு என்று சொல்லிவிடலாம்.

"நாம கத்தாழ நார்ல பண்றத இந்தப் புள்ள நூல்ல பண்ணிப்போட்டா பாரு," என்றார் பக்கத்து வீட்டு ராமாத்தாளிடம். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கிணற்றுக் கவலைக்கு வடக்கயிறு திரித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. பெருமையாக வலது ஓரத்துக் கயிற்றில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். பிறகு இடது ஓரத்தில் வைத்தார். ஒரு சாண் போகவில்லை, விரல் நின்றது.

மறுபடி மேலே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. கையைச் சுட்டதுபோல மப்ளரை மண்ணில் போட்டார்.

"ஆரைத் தூக்கறதுக்கு ஆத்தா இதைத் திரிச்ச?"

உண்ணாமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் பாப்பாயிக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிவந்து குனிந்து பார்த்தவள் நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ஐயோ, எடப்பிரி! என்ற மவன் கழுத்துக்கு எடப்பிரி!"

அந்தப் பக்கத்தில் கயிறு என்றால் வலப்பிரிதான். தண்ணீர் இறைக்கிற வடமானாலும் சரி, மாட்டுக்குப் போடுகிற மூக்கணாங்கயிறானாலும் சரி, குழந்தைக்குக் கட்டுகிற தூளிக் கயிறானாலும் சரி, வலது உள்ளங்கை முன்னே தள்ளித் திரித்ததாகத்தான் இருக்கும். ஒரே ஒரு காரியத்துக்குத்தான் கையை மாற்றுவார்கள். செத்தவரைப் பாடையில் வைத்துக் கட்டுவதற்கு வைக்கோலை இடப்பக்கமாக முறுக்கிப் பிரி விடுவார்கள். விளையாட்டுக்கு ஒரு பிள்ளை கையைத் தப்பாகப் போட்டு வைக்கோலை முறுக்கினால்கூட முதுகில் ஒன்று விழும்.

உண்ணாமலைக்கும் இது தெரியாததல்ல. ஆனால் ஊசியில் ஏறுகிற கண்ணிகளை அவள் கயிறாக நினைத்துப் பின்னவில்லை. ஊர்க் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் அடியிலிருந்து உச்சிவரை இரண்டு கயிறு செதுக்கியிருக்கும். ஒன்று வலப்பக்கம் சாய்ந்து ஏறும், ஒன்று அதைப் பார்த்தபடி இடப்பக்கம் சாய்ந்து ஏறும். எந்த ராசா காலத்தில் எவன் செதுக்கினானோ, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடக்கிறது. மிஷன் பங்களாவில் சண்டைக்குப் போன சிப்பாய்களுக்குக் காலுறை பின்னுகிற வேலைக்குப் போனபோது அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா, கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்று தாண்டவிட்டுப் புடைக்க வைக்கிற வித்தையைக் காட்டிக்கொடுத்தாள். நாலு கண்ணியில் இரண்டைச் சின்னக் குச்சியில் எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு மற்ற இரண்டைப் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். அதைப் பார்த்த அன்றைக்கே உண்ணாமலைக்குத் தூண்தான் ஞாபகம் வந்தது. புருஷனுக்கு ஒன்று பின்னினால் அந்தத் தூணைத்தான் பின்னுவது என்று முடிவுகட்டி, வேலை முடிந்து கொடுத்த மிச்ச நூலைச் சேர்த்துவைத்தாள்.

"தூண்ல அப்பிடித்தானுங்களே மாமா இருக்குது," என்றாள். "ஒண்ணை ஒண்ணு பார்த்தாப்பல."

"கல்லுக்குச் சாவு ஏதாத்தா?" என்றார் காளியண்ணன். "கழுத்துல போடறவனுக்கு இருக்குதல்ல."

தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூத்த மகன் சின்னண்ணன் வாந்திபேதியில் போனபோது, பிரி முறுக்க வேண்டியவனும் அதே சீக்கில் படுத்துக் கிடந்தான். ஊரே பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. பெற்ற மகனுக்கு அவரே உட்கார்ந்து கையை மாற்றிப் போட்டு முறுக்கினார். அந்தச் சாவு நடந்தது உண்ணாமலை கல்யாணமாகி வந்த மாசம். பாப்பாயி அதை ஒரு நாளும் மறந்ததில்லை, மறக்கவும் விட்டதில்லை.

"வந்த மாசமே ஒருத்தனை வாங்குன. இப்ப இவனுக்கும் திரிச்சு வெச்சுட்டயா?" பாப்பாயி மப்ளரைக் காலால் தள்ளினாள். "அடுப்புல போடு அதை. போட்டுட்டு உன்ற அண்ணன் ஊட்டுக்கு நடையக் கட்டு. என்ற மவன் உசுரோட திரும்பி வாரவரைக்கும் இந்த வாசல்ல உன்ற காலு படக்கூடாது."

அண்ணன் வீடு என்றால் என்னவென்று உண்ணாமலைக்குத் தெரியும். அங்கே அண்ணி கண்ணாத்தாள் இருக்கிறாள். போன தைக்குப் போயிருந்தபோது, தட்டில் களியை வைத்துவிட்டு, "என்னைக்குக் கிளம்பறீங்க?" என்றுதான் முதல் பேச்சே பேசினாள்.

செங்கோட்டையன் குனிந்து மப்ளரை எடுத்து மண்ணைத் தட்டினான். "நானே போட்டுக்கறேன் உடுங்கம்மா. அஸ்ஸாம் மலையில ரோடு போடற எடத்துல ஒரு குளுரு அடிக்குது பாருங்க, காதைத் தொட்டா காது இருக்குதான்னே தெரியாது. எங்க செட்டுல ஒருத்தனுக்குக் காது நுனி கறுத்து உழுந்தே போச்சு. எடப்பிரியாவது வலப்பிரியாவது, காது இருந்தாப் போதும்."

"வாயில நல்ல வார்த்த வருதா பாரு!" பாப்பாயி பிடுங்கிக்கொண்டாள்.

"தலகீழாத் திருப்பிப் போட்டுக்கிட்டா ஆகாதா?" என்று ராமாத்தாள் ஒரு யோசனை சொன்னாள்.

"நீ உன்ற மண்டைய வேணாத் திருப்பிப் போட்டுப் பாரு," என்றார் காளியண்ணன் எரிச்சலோடு. "எந்த முனையப் புடிச்சாலும் பிரி பிரிதான். அது மாறாது."

உண்ணாமலை மாமியார் கையிலிருந்த மப்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழுதும் அவிழ்த்துப் பின்ன ஒரு மாசம் வேண்டும். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ் உச்சிப் பொழுதுக்கு ரோட்டுக்கு வந்துவிடும். ஆனால் இடது கயிறு நாலே நாலு கண்ணிதான்.

"மாத்திப்புடறேனுங்க," என்றாள்.

"என்னத்த மாத்துவ?"

"அந்த ஒரு கயித்தை மட்டும். வலப்பிரியா."

காளியண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ்ஸுக்குள்ள ஆகுமா?"

"ஆகுமுங்க."

ஆகுமா என்று அவளுக்கே தெரியாது. காலுறையில் ஒரு கண்ணி நழுவிக் கீழே ஓடினால் கொக்கிபோட்டு ஏற்றியிருக்கிறாள். நாலு முழம் ஏற்றியதில்லை.

"சரி. பண்ணு. நான் தொட்டுப் பார்ப்பேன். ஒரே ஒரு எடத்துல எடப்பிரி தட்டுப்பட்டாலும் அது அடுப்புக்குத்தான்," என்றார் மாமனார்.

"அவ அண்ணன் ஊட்டுக்குத்தான்," என்றாள் மாமியார்.

உண்ணாமலை மப்ளரை வாங்கிக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். கடைசி வரிசையின் முடிச்சை அவிழ்த்து, எல்லாக் கண்ணிகளையும் பின்னல் ஊசியாக வைத்திருந்த சைக்கிள் கம்பியில் ஏற்றினாள். இடது கயிற்றின் நாலு கண்ணிகளை மட்டும் கம்பியிலிருந்து விட்டுவிட்டு, பின்னலை இருபக்கமும் பிடித்து இழுத்தாள்.

கண்ணிகள் சரசரவென்று கீழே ஓடின. அவ்வளவு நேரம் கயிறாக இருந்த இடம் ஏணிப்படிபோல வெறும் நூலாகத் தொங்கியது. தோலுரித்த ஆட்டுக்கு விலா எலும்பு தெரிவதுபோல இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண் உச்சுக்கொட்டினாள்.

"போச்சு. அத்தனையும் உருவிப்போட்டா," என்றாள் பாப்பாயி.

உண்ணாமலை மேலும் இழுத்தாள். முறுக்கு வந்த இடங்களில் கண்ணி சிக்கிக்கொண்டது. நகத்தால் நெம்பி விட்டாள். மறுபடி ஓடியது. இப்படியே அடிவரைக்கும் வந்தாள். அடியில் ஒரே ஒரு முறுக்கு பாக்கி இருக்கும்போது கண்ணி ஓட மறுத்தது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. உற்றுப் பார்த்தாள். அந்த இடத்தில் நூல் தீர்ந்து வேறு நூல் ஒட்டுப்போட்டிருந்தாள். ஒட்டுமுடிச்சு கம்பளி மயிரெல்லாம் சேர்ந்து பிசின்போல இறுகிக் கிடந்தது. பலமாக இழுத்தால் நூல் அறும். அறுந்தால் அடியிலிருந்து பிரிந்து மப்ளரே கையோடு வந்துவிடும்.

தலை நிமிர்ந்தாள். மாமியார் ராமாத்தாளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் தள்ளிப்போய்த் மாடு அடைக்கிற தொண்டுப்பட்டி ஓரமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். புருஷன் சட்டைப்பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த ஒரு முறுக்கை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலிருந்து ஏற்றத் தொடங்கினாள். பொழுது மரத்து உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

குடைக்கம்பி நுனியை வளைத்த கொக்கி அவளிடம் இருந்தது. ஒவ்வொரு படி நூலையும் கொக்கியில் மாட்டிக் கண்ணிக்குள் இழுக்க வேண்டும். நாலு கண்ணிக்கு நாலு இழுப்பு. ஏழெட்டுப் படி ஏறினதும் ஒரு முறுக்கு. இரண்டு கண்ணியை ஈர்க்குச்சியில் எடுத்துப் பின்னால் நிறுத்தி, மற்ற இரண்டை முன்னால் தாண்டவிட்டு, திரும்பவும் ஏற வேண்டும். முதல் முழம் ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. கொக்கி குத்திக் குத்தி ஆள்காட்டி விரல் நுனியில் ரத்தம் பொடித்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நூலில் பட்டால் அதற்கும் ஒரு சகுனம் சொல்வார்கள்.

பின்னல் மடியில் நிற்காமல் வழுகியது. எட்ட நின்ற பாப்பாயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிரே வந்து குந்தி, பின்னலின் அடிமுனையைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

உண்ணாமலை கொக்கியை நிறுத்திவிட்டு அந்தக் காலையே பார்த்தாள். அவிழாத முறுக்கு மாமியாரின் கால்விரலுக்கு அடியில் இருந்தது.

"என்ன பாக்கற? வேலயப் பாரு," என்றாள் பாப்பாயி.

மூன்றாம் முழம் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் இரண்டாம் முழம்தான் வந்திருந்தது. உண்ணாமலையின் கை தானாக ஓடியது. மாசக்கணக்கில் இடது ஓரத்துக்கு இடப்பக்கம் என்று பழகின கை. குச்சியில் எடுத்த கண்ணிகளை முன்னால் கொண்டுவந்தாள்.

"ஏய், ஏய்! முன்னால கொண்டாறயே, எடப்பக்கம்டி அது!" பாப்பாயி போட்ட சத்தத்தில் கோழி பறந்தது. "இத்தன நேரம் பின்னாலதான உட்ட?"

உண்ணாமலை கையை உதறிக்கொண்டு திருத்தினாள். "ஆமாங்கத்தை."

"கண்ணு எங்க இருக்குது உனக்கு? நான் ஒருத்தி பாத்ததுனால ஆச்சு." அதற்கப்புறம் ஒவ்வொரு முறுக்கு வரும்போதும் பாப்பாயி முன்கூட்டியே, "பின்னால உடு, பின்னால உடு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பேச்சில் காரம் குறையவில்லை. ஆனால் கால்விரலையும் எடுக்கவில்லை.

செங்கோட்டையன் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "ஏம்புள்ள, ரெண்டு கயிறும் ஒரே பக்கம் சாயுதே? இதைப் போட்டுக்கிட்டா எனக்குக் கழுத்துச் சுளுக்கிக்கும்போல இருக்குது."

"சும்மா இருங்க," என்றாள் உண்ணாமலை. சிரிக்கத் தெம்பில்லை.

தூணின் அழகு போய்விட்டது என்னவோ நிஜம்தான். ஒன்றையொன்று பார்த்து நின்ற கயிறுகள் இப்போது ஒரே திசையில் முகம் திருப்பிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. இன்னும் அரை முழம் ஏணி தொங்கிக்கொண்டிருந்தது.

"கரிவண்டி வருதுங்கோ!" ரோட்டுப் பக்கமிருந்து யாரோ கூவினார்கள்.

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு வைத்து ஓட்டினார்கள். தூரத்தில் புளியமர வரிசைக்கு மேல் அதன் புகை தெரிந்தது. கூட்டம் எழுந்தது. செங்கோட்டையன் பெட்டியைத் தோளில் ஏற்றினான். அம்மா காலில் விழுந்தான். பாப்பாயி திருநீறு பூசிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

உண்ணாமலை எழுந்து நடந்துகொண்டே ஏற்றினாள். நாத்தனார் முறையுள்ள ஒரு பெண் அவள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள், குழியில் கால் விடாமல். கண்ணெல்லாம் கொக்கி நுனியில்தான் இருந்தது. ரோட்டுக்கு வந்தபோது பஸ் நின்று இருமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்க் கரியைக் கிளறிவிட்டு, ஊதுகிற கைப்பிடியைச் சுற்றினான்.

"சீக்கிரம் ஏறுங்க. சூடு பிடிச்சா நிக்க மாட்டேன். ஏத்தத்துல தள்ளறதுக்கு ஆளு வேணும், அதுக்கும் இப்பவே சொல்லிட்டேன்."

"சித்த பொறுங்க சாமி," என்று பாப்பாயி அவனிடம் போய்க் கைகூப்பினாள். "பட்டாளத்துக்குப் போற புள்ள. ஒரு நொடி."

"பட்டாளத்துக்காரருன்னாச் சர்க்கார் வண்டியில போகச் சொல்லுங்க ஆயா."

கடைசி முறுக்கு. கடைசிப் படி. நாலு கண்ணியையும் கம்பியில் ஏற்றினாள். ஒன்றன்மேல் ஒன்றைத் தாண்டவிட்டு வரிசையை முடித்தாள். ஒரு கண்ணி நழுவப் பார்த்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்து அறுத்தாள். மப்ளரைத் தூக்கி மாமனாரிடம் நீட்டினாள்.

காளியண்ணன் வாங்கி மேல்துண்டின்மேல் வைத்துக்கொண்டார். பஸ்ஸைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை இடது கயிற்றின் மேல்முனையில் வைத்து மெதுவாகக் கீழே ஓட்டினார். காய்த்துப்போன விரல். ஒவ்வொரு புரியிலும் ஏறி இறங்கி வந்தது. பாப்பாயி அவர் முகத்தையே பார்த்தாள். கண்டக்டர்கூடக் கைப்பிடியை விட்டுவிட்டுப் பார்த்தான்.

ஒரு முழம் இறங்கியது. இரண்டு முழம். மூன்று. உண்ணாமலை தன் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். விரல் அடிமுனைக்கு வந்தது. ஒட்டுமுடிச்சைத் தாண்டியது.

நின்றது.

அவர் தலை தூக்கவில்லை. விரல் அந்த ஒரே முறுக்கின்மேல் கிடந்தது. சற்று மேலே போய் மறுபடி அங்கேயே வந்தது. இதோ சொல்லப்போகிறார், இந்தச் சனத்துக்கு நடுவில், பஸ்ஸுக்கு முன்னால் சொல்லப்போகிறார் என்று உண்ணாமலை நினைத்தாள். உண்மையை நாமே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

காளியண்ணன் அவள் கையைப் பார்த்தார். ரத்தம் காய்ந்து கறுத்த விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு மகனைக் கிட்டே வரச்சொல்லித் தலையசைத்தார். மப்ளரை அவன் கழுத்தில் தாமே சுற்றினார். மேல்முனையை வெளியே தொங்கவிட்டார். அடிமுனையை மட்டும் மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகி, மேலே ஒரு பொத்தானையும் போட்டுவிட்டார்.

"இப்பிடியே போட்டுக்க சாமி. இந்தப் பக்கத்தை வெளிய எடுக்காத. நெஞ்சுல குளுரு தாக்காது."

"சரிங்கப்பா."

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள் பாப்பாயி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இருக்குது. ஏத்தி உடு."

செங்கோட்டையன் ஏறினான். சன்னலில் உட்கார்ந்து உண்ணாமலையைப் பார்த்து மப்ளரின் வெளிமுனையைத் தூக்கிக் காட்டினான். சித்திரை வெயிலில் கழுத்தில் கம்பளியோடு அவன் வேர்த்து வழிவதைப் பார்த்துக் கண்டக்டர் சிரித்தான். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. பத்துப் பேர் பின்னால் கைகொடுத்துத் தள்ளினார்கள். புளியமரங்களுக்குள் போய், அப்புறம் புகை மட்டும் தெரிந்து, அதுவும் இல்லாமல் போயிற்று.

கூட்டம் கலைந்தது. பாப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, அங்கேயே நின்ற மருமகளைப் பார்த்தாள்.

"அங்கயே நின்னுக்கிட்டு என்ன பண்ற? காலையிலிருந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கல நீ. ஊட்டுக்கு வா."

உண்ணாமலை நடந்தாள். காளியண்ணன் பின்தங்கி வந்து அவளுக்கு இணையாக நடந்தார். பாப்பாயி காதுக்கு எட்டாத தூரம் போனபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த எடத்துல ஒட்டுமுடிச்சு, இல்லையா ஆத்தா?"

"ஆமாங்க மாமா." அவள் ரத்தம் காய்ந்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "அவுந்து வரலீங்க. இழுத்தா அறுந்துபோகும்னு..."

"தெரியுது." ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வலது உள்ளங்கையை இடது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். "உன்ற அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

"சரிங்க."

"அவன் வந்ததும் அத வெட்டியாவது எடுத்துப்போட்டு மாத்திப் பின்னிப்புடு."

"வந்ததும் மாத்திப்புடறேனுங்க மாமா," என்றாள் உண்ணாமலை.